பூட்டியாச்சா?

எங்கள் வீட்டு வாசலில் தொங்குவது அசல் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. கல்யாணத்தின்போது பாத்திரம் பண்டங்களோடு மாமனார் அதையும் வைத்துக் கொடுத்தார். "மாப்ளே, இதைப் பூட்டிட்டா யானை கட்டி இழுத்தாலும் தெறக்காது" என்றார். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அவருக்கே பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி போன் போட்டுச் சொன்னார்.

யானை இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர், மாப்பிள்ளை இழுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

காலையில் மனைவியும் மகளும் முதலில் கிளம்பிவிடுவார்கள். கடைசியாக வீட்டைப் பூட்டுவது என் இலாகா. பூட்டுவேன். ஓர் இழுப்பு. சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு இழுப்பு. மொத்தம் ஏழு இழுத்தால்தான் மனசு சமாதானமாகும். மாடிப்படி பதினெட்டு. பன்னிரண்டாவது படியில் 'இழுத்தது ஏழா, ஆறா?' என்று ஒரு சந்தேகம் வரும். திரும்ப மேலே. மறுபடி ஏழு. தெருமுனைக்குப் போனால் காஸ் ஞாபகம் வரும். திரும்ப மேலே. பூட்டைத் திறந்து, காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டி... திறந்து பூட்டிய காரணத்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

குரோம்பேட்டையில் எட்டு இருபது ரயிலைப் பிடிக்க வேண்டியவன் ஒன்பதே காலுக்குத்தான் பிளாட்பாரத்தில் நிற்பேன். அங்கிருந்து மனைவிக்கு போன்.

"பூட்டினேனா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் முன்னாடியே கிளம்பிட்டேனே!"

"பரவாயில்ல. சும்மா பூட்டியாச்சுன்னு சொல்லு."

"பூட்டியாச்சு."

"நிஜமாவா?"

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கே சிரிப்பு வரும். ஆனால் சிரித்துக்கொண்டே மறுபடி படியேறுவேன். அதுதான் இந்த வியாதியின் விசேஷம். செய்வது அபத்தம் என்று செய்கிறவனுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

செல்போன் வந்தது இன்னும் வசதியாகப் போயிற்று. பூட்டியதும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? பிரமாதமான யோசனை என்று நினைத்தேன். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள், 'இது இன்றைக்கு எடுத்ததா, நேற்று எடுத்ததா?' என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் என் போனில் மகளின் படங்களைவிடப் பூட்டின் படங்கள் அதிகம். எல்லாப் படத்திலும் பூட்டு ஒரே முகபாவம்.

கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர். ரிடையரானவர். ஆரம்பத்தில் "என்ன தம்பி, ஏதாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, வீட்ல அவ்வளவு நகையா வெச்சிருக்கீங்க? லாக்கர்ல வெச்சிடக் கூடாதா?" என்றார்.

ஆபீஸில் என் செக்‌ஷன் தலைவர் அதைவிட ஒரு படி மேல். "ஒரு வீட்டைப் பூட்டிட்டு வர ஒரு மணி நேரமா? என்னய்யா, ரிசர்வ் பாங்க்ல குடியிருக்கியா?" அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பிரமோஷன் பக்கத்து சீட்டுக்குப் போனது. பக்கத்து சீட்காரர் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. வயதான அம்மா எப்போதும் வீட்டில் இருப்பார். கொடுத்து வைத்தவர்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் ராத்திரி யு.கே.ஜி. படிக்கும் என் மகள் மறுநாளைக்கு ஸ்கூல் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜிப்பை மூடினாள். திறந்தாள். மூடினாள். உதடு அசைகிறது. எண்ணுகிறாள்.

"என்னடா கண்ணு பண்றே?" என்றேன்.

"ஏழு தடவைப்பா. அப்பதான் பென்சில் தொலையாது."

சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும் என்று.

* * *

வழி சொல்லாத ஆளே இல்லை. அம்மா திருஷ்டி என்றாள். பூசணிக்காய் உடைத்தோம். பக்கத்து சீட் நண்பர், "இதெல்லாம் மனசுதான் சார் காரணம். நினைக்காம இருங்க, சரியாயிடும்" என்றார்.

நினைக்காமல் இருப்பதாம்! மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். அதையே டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1987-ல் பரிசோதனையாகச் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. "அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடியுங்கள்" என்றார். மணி ஓயவில்லை. நம் ஊர் வைத்தியருக்கு அந்தக் கட்டுரையில் நன்றி சொல்லியிருக்கலாம்.

கடைசியில் ஒரு கவுன்சலரிடம் போனேன். பெயர் வேண்டாம். தங்கமான மனுஷர். ஏ.சி. ரூம், மெல்லிய குரல். வாரம் ஒரு மணி நேரம். என் பால்யத்திலிருந்து ஆரம்பித்தார். நாலாவது வாரம் நானே மறந்துபோன ஒரு விஷயம் வெளியே வந்தது. எட்டு வயதில் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பூட்டாமல் நிறுத்திவிட்டேன். சைக்கிள் போயிற்று. அப்பா அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆபீஸுக்கு நடந்து போனார். அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதேன். கவுன்சலர் டிஷ்யூ பேப்பர் கொடுத்தார்.

"காரணம் தெரிஞ்சு போச்சு!" என்று லேசான மனசோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை பூட்டை ஒன்பது தடவை இழுத்தேன். அப்பாவுக்காக இரண்டு சேர்த்து.

ஆறு மாதம் போனேன். ஒவ்வொரு தடவையும் "உங்க வீட்ல திருடு போகாது, கவலைப்படாதீங்க" என்று அவர் ஆறுதல் சொல்வார். கேட்க இதமாக இருக்கும். அந்த இதம் குரோம்பேட்டை வருவதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் அவருக்கே போன் போட்டு "பூட்டியிருப்பேன் இல்லே சார்?" என்று கேட்க ஆரம்பித்தேன். அவரும் பாவம், "பூட்டியிருப்பீங்க" என்றார்.

* * *

அதற்குப் பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே முதலில் பார்த்தவர் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மாத்திரை எழுதித் தருகிற டாக்டர். எழுதித் தந்துவிட்டு, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிக்கு அடுத்த ரூமுக்குப் போங்க" என்று ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மாளிடம் அனுப்பினார்.

இந்த மேடம் என் பால்யத்தைத் தொடவே இல்லை. இன்கம்டாக்ஸ் ஆபீஸர் மாதிரி கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எவ்வளவு நேரம்? இழுக்காம விட்டா என்ன ஆகும்னு தோணும்? வீட்ல யார் யார்கிட்ட கேப்பீங்க?"

பிறகு ஒரு கேள்வித்தாள். மொத்தம் 40 மார்க். எனக்கு 27. ஸ்கூலை விட்ட பிறகு நான் எடுத்த நல்ல மார்க் அதுதான். ஆனால் இது அதிகம் எடுத்தால் மோசம் என்கிற வகைப் பரீட்சை. "கொஞ்சம் கடுமையான ஓ.சி.டி." என்றார். தமிழில் எண்ணச் சுழற்சி நோய்.

"மேடம், ஆறு மாசம் தெரபிக்குப் போனேன். ஒண்ணும் ஆகலை. எனக்குத் தெரபி ஒத்துக்காது போலிருக்கு."

மேடம் சிரித்தார். "உங்க வீட்டு சாவியால எதிர் வீட்டைத் திறக்க முடியுமா? திறக்கலைன்னா சாவிகளே பிரயோஜனம் இல்லைன்னு சொல்வீங்களா? தெரபிங்கறது ஒண்ணு இல்ல சார். ஏகப்பட்டது. பூட்டைப் பார்த்துத்தான் சாவி."

திண்டுக்கல் மருமகனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கவுன்சலர் செய்தது தப்பான வைத்தியம் இல்லையாம். வேறு பூட்டுக்கான சாவியாம். பழசைக் கிளறிப் புரிந்துகொள்கிற முறைக்கு மூலபுருஷர் வியன்னாவின் ஃப்ராய்ட். நம் நாட்டிலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இதற்கு ஒரு சங்கம் ஆரம்பித்து, ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதி வாதம் செய்தவர். எந்த உறவு வந்தாலும் ஒரே மாதிரி முறிந்து போகிறது, எந்த மேலதிகாரி வந்தாலும் ஒரே மாதிரி சண்டை வருகிறது, ஏன் என்று புரியவில்லை என்கிறவர்களுக்கு அந்த வழியில் வந்த தெரபிகள் உதவும். என் மாதிரி பூட்டு இழுக்கிற கேஸுக்குக் காரணம் தெரிந்தாலும் கை நிற்காது.

"தெருநாய்க்கு ஒருநாள் பிஸ்கட் போடறீங்க. மறுநாள் வருமா வராதா?" என்று கேட்டார் மேடம்.

"வரும்."

"சந்தேகம் வருது. போய் இழுத்துப் பார்க்கறீங்க. நிம்மதியா இருக்கு. அந்த நிம்மதிதான் பிஸ்கட். உங்க மனைவி 'பூட்டியாச்சு'ன்னு சொல்றாங்களே, அதுவும் பிஸ்கட். அந்தக் கவுன்சலர் சொன்ன ஆறுதலும் பிஸ்கட். இத்தனை வருஷமா வீடே சேர்ந்து வளர்த்திருக்கீங்க."

இந்த சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். பயத்தை நேருக்கு நேர் சந்திப்பது. வழக்கமாகச் செய்கிற பரிகாரத்தைச் செய்யாமல் இருப்பது. இதற்கு வழி போட்டவர் லண்டனில் இருந்த விக்டர் மேயர். ஓயாமல் கை கழுவுவது போன்ற கேஸ்களில் வேறு எதுவும் பலிக்காத காலம். அவர் 1966-ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் ஓயாமல் கழுவுகிற கேஸை ஆஸ்பத்திரியில் வைத்து, நர்ஸுகளைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லி, ரூமுக்கு வரும் தண்ணீரையே நிறுத்திவிட்டார். கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் கழுவாமல் இருந்தும் உலகம் முடியவில்லை என்பதை அந்த நோயாளி கண்ணாலே பார்க்க முடிந்தது. இப்போது தண்ணீரை நிறுத்துவதில்லை. நாமே சம்மதித்து, படிப்படியாக ஏற வேண்டும்.

என் படிக்கட்டை நானும் மேடமும் சேர்ந்து எழுதினோம். ஒவ்வொரு படிக்கும் பய மார்க், நூறுக்கு. போனில் இருக்கும் பூட்டு போட்டோ எல்லாவற்றையும் அழிப்பது, 40. ஒரே ஒரு இழுப்போடு கிளம்புவது, 55. இழுக்காமலே கிளம்புவது, 75. காஸைத் திரும்பிப் பார்க்காமல் வருவது, 80. வீட்டைப் பூட்டாமலே தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவது, 100.

"மனசுக்குள்ள எண்ணக் கூடாது. யார்கிட்டயும் கேக்கக் கூடாது. சாமிகிட்ட ஒப்படைச்சிட்டேன்னு சமாதானம் பண்ணிக்கவும் கூடாது" என்றார். எல்லா சந்தும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மனைவிக்கும் ஒரு நாள் பாடம் நடந்தது. இனிமேல் நான் கேட்டால் பதில் சொல்லக் கூடாது.

முதல் நாள் குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து பழக்க தோஷத்தில் போன் போட்டேன்.

"பூட்டினேனா?"

"தெரியலீங்க. பூட்டியிருக்கலாம். பூட்டாமலும் இருக்கலாம்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தில் விவாகரத்து வரை யோசித்தேன். பின்னால் அவள் சொன்னாள். போனை வைத்துவிட்டு அவளும் ஐந்து நிமிஷம் அழுதாளாம். ஏழு வருஷமாக சொல்லி வந்த ஒரு வார்த்தையை விழுங்குவது அவளுக்கும் சிகிச்சைதான்.

பயத்தை அளந்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். இழுக்காமலே கிளம்பிய முதல் நாளின் பக்கம் இன்னும் இருக்கிறது. பல்லாவரம் 85. மீனம்பாக்கம் 90. கிண்டியில் 95, இறங்கி எதிர்ப்பக்கம் ரயில் பிடிக்கக் கதவு வரை வந்துவிட்டேன். கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. தென்னக ரயில்வே கூட்டத்துக்கு நான் வாழ்நாள் கடமைப்பட்டிருக்கிறேன். மாம்பலம் 80. நுங்கம்பாக்கம் 60. எழும்பூரில் எழுதவே மறந்துவிட்டேன். பக்கத்தில் ஒருவர் கிரிக்கெட் பற்றித் தப்பாக ஏதோ சொல்ல, நான் திருத்திக்கொண்டிருந்தேன். பீச் ஸ்டேஷன் 35.

பயம் ஏறிக்கொண்டே போய் நெஞ்சு வெடித்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பாட்டுக்கு இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. இறங்கும் வரை ஒரு தடவைகூட நான் அதற்கு நேரம் கொடுத்ததில்லை. எல்லா நாளும் இப்படி அழகாக இறங்கவில்லை. சில நாள் பீச் வரை 80-லேயே நின்றது. "நிக்கட்டும். அதோடயே வேலையைப் பாருங்க. சந்தேகம் இருந்தாலும் வாழ முடியும்ங்கறதைத்தான் கத்துக்கறோம்" என்றார் மேடம்.

* * *

ஐந்தாறு வாரத்தில் எனக்குக் கொஞ்சம் குணம் தெரிந்ததும் ஒரு புதுக் கெட்ட பழக்கம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் ஈ.ஆர்.பி. சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன். மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். "தயவுசெய்து நிறுத்துங்க. உங்க சாவி உங்களுக்கு."

அப்புறம்தான் கவனித்தேன், என்னைச் சுற்றியே எத்தனை விதமான பூட்டுகள் என்று. பூசணிக்காய் உடைத்தவனே வெட்கப்படவில்லை என்று தெரிந்ததும், ஒவ்வொருவராக என்னிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆபீஸில் ஒருத்தர் ஆறு மாடியும் படியேறுவார். உடம்புக்காக என்று நாங்கள் நினைத்திருந்தோம். லிஃப்ட் பயமாம். இது ஏறக்குறைய என் சாவிக்குச் சித்தப்பா பிள்ளை. 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மாள் பீட்டர் என்ற குழந்தைக்கு முயல் பயத்தைப் போக்கினார். குழந்தை சாப்பிடும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். லிஃப்ட், கரப்பான், ஊசி, உயரம் என்று குறிப்பிட்ட ஒன்றுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இந்த வழி நன்றாகப் பலிக்கிறது. நண்பர் இப்போது லிஃப்டில் வருகிறார். தொப்பை போட்டுவிட்டது.

எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டான். 'தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சா செத்தேன்' என்பது அவன் கணக்கு. இந்தக் கணக்கையே சோதிப்பது சி.பி.டி. என்கிற முறை. 2021-ல் நூறு வயதில் காலமான ஆரன் பெக் இதன் பிதாமகர்களில் ஒருவர். மனசில் தானாக ஓடுகிற வாக்கியத்தைப் பிடித்து, கோர்ட்டில் நிறுத்தி, 'ஆதாரம் உண்டா?' என்று குறுக்கு விசாரணை செய்வது.

இன்னொரு பிதாமகர் ஆல்பர்ட் எல்லிஸ். அவர் தன் கதையை அவரே சொல்லியிருக்கிறார். 19 வயதில் பெண்களிடம் பேச நடுக்கம். நியூயார்க்கில் ஒரு தாவரவியல் பூங்காவில் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே தீருவது என்று ஒரு மாதம் உத்தரவு போட்டுக்கொண்டார். 130 பேர் பக்கத்தில் உட்கார்ந்தார். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேரிடம் பேசினார். ஒரே ஒருத்தி மறுபடி சந்திக்கிறேன் என்றாள். அவளும் வரவில்லை! ஆனால் யாரும் அடிக்கவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை, அவரும் சாகவில்லை. பயம் போயிற்று. (வாலிப வாசகர்களுக்கு: இதை நம் ஊர்ப் பூங்காவில் செய்து பார்க்க வேண்டாம். போலீஸ் விஷயத்தில் உத்தரவாதம் இல்லை.)

எங்கள் பையனுக்கு மீட்டிங்தான் பூங்கா. போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். அபத்தமான கேள்வி. யாரும் சிரிக்கவில்லை. அதைவிட அபத்தமாக ஜி.எம். பதில் சொன்னார்.

ஹவுஸ் ஓனருக்கு வேறு பூட்டு. அவர் எல்லா நேரமும் என்னைக் கவனித்துக்கொண்டிருந்ததற்குக் காரணமே தூக்கம் இல்லாததுதான். வருஷக்கணக்காக மாத்திரை. தூக்கமின்மைக்கென்றே தனியாக ஒரு சி.பி.டி. இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் 2016-ல் சொன்னது. அதில் முதல் விதி விசித்திரமானது. தூக்கம் வரவில்லை என்றால் சீக்கிரம் படுக்கக் கூடாது! அவரை நடு ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் படுக்கச் சொன்னார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும். மத்தியானத் தூக்கம் ரத்து. புரண்டுகொண்டு கிடக்கக் கூடாது. எழுந்து வந்து உட்கார வேண்டும். இரண்டு வாரம் எங்களைத் திட்டித் தீர்த்தார். இப்போது பத்தரைக்குக் குறட்டைச் சத்தம் மாடி வரை வருகிறது.

மச்சினன் விஷயம் சிரிப்பதற்கில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதி, கால் முறிந்து, பிழைத்து வந்தவன். கால் கூடிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் அதே ரோட்டில், அதே ரத்தத்தில் மறுபடி கிடப்பான். நினைவு இல்லை அது. அவனுக்கு அது இப்போது நடக்கிறது. விபத்து நடந்த மறுநாளே சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து "எப்படிடா ஆச்சு, விவரமாச் சொல்லு" என்று துளைத்தெடுத்தோம். உடனே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கக்க வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதல்கூட என்று பிறகுதான் தெரிந்தது.

இதற்கென்றே உள்ள சிகிச்சைகளில் ஒன்று ஈ.எம்.டி.ஆர். ஃப்ரான்சின் ஷபிரோ என்ற அம்மாள் 1987-ல் பூங்காவில் நடந்தபோது, கண்கள் இப்படியும் அப்படியும் அலைகையில் மனசின் உறுத்தல் குறைவதைக் கவனித்து உருவாக்கியது. தெரபிஸ்ட் விரலை இடமும் வலமும் ஆட்ட, கண் அதைத் தொடர, அந்தக் காட்சியை மனசில் வைத்திருக்க வேண்டும். கண் ஆடுவதுதான் மருந்தா, அல்லது பத்திரமான இடத்தில் அந்த நினைவைச் சந்திப்பதே மருந்தா என்று நிபுணர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் இதையும், அதிர்ச்சிக்கான சி.பி.டி.யையும் சேர்த்தே சிபாரிசு செய்தது. மச்சினன் இன்னும் பைக் எடுக்கவில்லை. ஆனால் போன தீபாவளிக்கு பஸ்ஸில் வந்தான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தேன் என்று சொன்னான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

வேலை போய் எட்டு மாதம் படுக்கையை விட்டு எழாத கல்லூரி நண்பன் ஒருவன். மனசு சரியானதும் ஏதாவது செய்கிறேன் என்பான். அவனுக்குக் கிடைத்த சிகிச்சை நேர் எதிர்: முதலில் செய், மனசு பின்னால் வரும். காலை ஏழுக்கு எழுந்து பால் வாங்கி வருவது முதல் வாரத்து வேலை. அடுத்த வாரம் பழைய சிநேகிதன் ஒருவனுக்கு போன். இவ்வளவுதானா என்று தோன்றும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சைக்காலஜி படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு சந்திப்புகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் நல்ல பலன் கிடைத்ததாக 2017-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. இதே நண்பனைப் போய் 'பயத்தை எதிர்கொள்' என்று நான் விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோபமோ துக்கமோ வந்தால் தாங்க முடியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு டி.பி.டி. என்று ஒன்று. மார்ஷா லினஹன் உருவாக்கியது. 'நீ இருக்கிறபடியே உன்னை ஏற்றுக்கொள்கிறேன். அதே சமயம் நீ மாறவும் வேண்டும்' என்ற இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, கொந்தளிப்பைக் கடக்கும் வித்தைகளைக் கற்றுத் தருவது. தானும் சிறு வயதில் அதே நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள்தான் என்று அந்த அம்மாள் 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

* * *

ஆபீஸ் போகிற நம் மாதிரி ஆட்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பைக் ரிப்பேர் என்றால், கார்பரேட்டரா கிளட்ச்சா என்று மெக்கானிக்கிடம் நாலு கேள்வி கேட்கிறோம். மனசு ரிப்பேருக்குப் போனால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆறு மாதம் உட்கார்ந்தேன். தைரியமாகக் கேட்கலாம். என் பிரச்னைக்கு என்ன பெயர்? எந்த முறையில் பார்க்கப் போகிறீர்கள், அதில் பயிற்சி உண்டா? எத்தனை வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வோம்? நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 14416-க்கு போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள். செத்துப்போகலாமா என்ற நினைப்பு தலைகாட்டினால் அன்றைக்கே பேசிவிடுங்கள். அதற்கு மட்டும் படிக்கட்டு கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். சிகிச்சை முடிந்து நாலு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நான்தான் முதலில் வந்தேன். மாடிப்படியில் ஏறும்போது பாக்கெட்டில் கை விட்டேன். சாவி இல்லை.

மேலே போனால், நாதாங்கியில் மாங்காய்ப் பூட்டு வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது. சாவி அதிலேயே இருக்கிறது. காலையில் நான் பூட்டவே இல்லை!

உள்ளே போனேன். டி.வி. இருந்தது. பீரோ இருந்தது. காலையில் பாதி குடித்து வைத்த காபி ஆடை கட்டி இருந்தது. ஏழு வருஷமாக நான் எந்த நாளுக்குப் பயந்து ஏறி ஏறி இறங்கினேனோ, அந்த நாள் வந்து, பகல் முழுக்க இருந்து, போயும் விட்டது. அது வந்தபோது நான் ஆபீஸ் கேன்டீனில் வடை சூடாக இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பூட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த தடவை திருடன் வரலாம். வந்தால் போலீஸுக்குப் போவோம், அழுவோம், மறுபடி வாங்குவோம். அப்பா ஒரு வருஷம் நடந்து போனார். அப்புறம் வேறு சைக்கிள் வாங்கினார். அந்தப் பாதிக் கதை எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த முறை மேடத்திடம் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி எத்தனை தடவை எழுந்து கதவைப் பார்த்தீங்க?" என்றார்.

"ஒரு தடவை எழுந்தேன் மேடம்."

"ம்?"

"தண்ணி குடிக்க."

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. ஸ்கூல் பையை மூடுவதே இல்லை. பென்சில், ரப்பர் எல்லாம் குரோம்பேட்டை தெருக்களில் விதைத்துக்கொண்டே போகிறாள். போன மாதம் டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்: 'பையின் ஜிப்பை மூடி அனுப்பவும்.'

அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு போட்டோவுக்கு மட்டும் மேடம் பர்மிஷன் கொடுத்துவிட்டார்.